வசந்தா இப்போது எங்கே இருக்கிறாள்?

"வசந்தா மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து வடக்கே நடந்தாள். ஆலமரத்தருகே திரும்பினாள். வசந்தா இப்போது எங்கே இருக்கிறாள்?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது தேவகி டீச்சர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே பண்ணையின் முள்வேலி, அதற்கு அப்பால் பனி. அந்த வருஷம் ஓசூரில் மத்தியானம் வரைக்கும் பனி விலகாத நாட்கள் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் காளைகள் நிற்பது தெரியாது, மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும்.

"எந்தப் பக்கம் திரும்பினாள்னு சொல்லலையே, டீச்சர்" என்றேன்.

"சொல்லலைதான். நீதான் சொல்லணும்."

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகரத்னா பாவாடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பண்ணைக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மூன்றாவது வீடு, கன்னடக்காரப் பெண். டீச்சர் காத்திருந்தார். சிலேட்டில் எழுத நாங்கள் எடுத்த பலப்பம் கையிலேயே ஈரமாகிப் போனது.

புத்திக் கணக்கு

போன வாரம் ஓசூர் மாட்டுப் பண்ணையையும் அங்கே என் அப்பா பார்த்த கம்பவுண்டர் வேலையையும் பற்றி எழுதினேன். மாடுகளுக்கு மருந்து கொடுக்கிறவர்தான் என்றாலும் சுற்று வட்டாரத்தில் அவருக்கு டாக்டரய்யா என்றே பெயர்.

அப்பாவுக்கு என்னைச் சேலத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. அந்தப் பள்ளியில் சேரப் பரீட்சை எழுத வேண்டும். தமிழ், கணக்கு, அதோடு புதிதாக ஒரு பாடம். பாடம் என்று சொல்ல முடியாது. புத்தகம் கிடையாது. யோசித்துப் பதில் எழுத வேண்டிய கேள்விகள். எங்கள் வீட்டில் அதைப் புத்திக் கணக்கு என்றோம்.

பண்ணை அதிகாரி ஒருவரின் மகள் முந்தின வருஷம் அந்தப் பரீட்சை எழுதியிருந்தாள். அவள் நினைவு வைத்துச் சொன்ன நாலைந்து கேள்விகளை அப்பா வாங்கிவந்து தேவகி டீச்சரிடம் ஒப்பித்தார். டீச்சர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸ் ஓரத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். வயது முப்பதைத் தாண்டி அதிகம் இருக்காது. அவர் கணவர் உத்தனப்பள்ளிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

"இந்த மாதிரி கேள்வி நானே போட்டுப் பழக்கறேன், விடுங்க" என்றார் டீச்சர்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் நாகரத்னாவும் அந்த அறைக்குப் போக ஆரம்பித்தோம்.

சேராதது எது?

முதலில் எல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். காக்கை, கிளி, வௌவால், மைனா. இதில் சேராதது எது? வௌவால் என்றோம். டீச்சர் சரி என்று சொல்லவில்லை. "ஏன்?" என்றார். வௌவால் குட்டி போடும் என்றேன். கிளி என்றும் சொல்லலாமே, அது ஒன்றுதானே பச்சை என்றார். எனக்குக் குழப்பமாக இருந்தது. எது சரி என்று கேட்டேன். "நீ சொல்ற காரணம் நின்னா சரி" என்றார்.

நாள் போகப் போகக் கேள்விகள் மாறின. கிணறு, வீடு, காடு, ரோடு. சேராதது எது? நாகரத்னா காடு என்றாள், மற்ற மூன்றும் மனுஷர் செய்தவை. நான் கிணறு என்றேன், அதில் மட்டும்தான் தண்ணீர். டீச்சர் எங்கள் பதிலைக் கேட்டதாகவே தெரியவில்லை. "கிணத்துல பார்த்தாச்சு" என்று மெல்லச் சொன்னார். எங்களிடம் சொல்லவில்லை.

பிறகு திசைக் கேள்விகள் வந்தன. மற்ற கேள்விகளில் ராமன் வருவான், கோபாலன் வருவான். திசைக் கேள்வியில் எப்போதும் வசந்தாதான் நடப்பாள். எப்போதும் வடக்கே. எப்போதும் ஆலமரம் வரும். ஒருநாள் ஆலமரத்தில் வலப்பக்கம் திரும்புவாள். இன்னொரு நாள் இடப்பக்கம். சில நாள் எந்தப் பக்கம் என்றே டீச்சர் சொல்ல மாட்டார்.

"வலப்பக்கம் திரும்பினா கிழக்கே போறா, டீச்சர்."

"கிழக்கே என்ன இருக்கு?"

கேள்வியில் அது இல்லையே என்று விழித்தேன்.

"காடு இருக்கு" என்றார் டீச்சர். "காட்டுல தேடியாச்சு. அஞ்செட்டி வரைக்கும் ஆள் போய்ப் பார்த்தாச்சு. வேற சொல்லு."

நாகரத்னா அதற்கப்புறம் வரவில்லை. டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தும்போது அறைக்குள் இன்னொருத்தி உட்கார்ந்து பதில் யோசிப்பது போல் இருக்கிறது என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் மட்டும் கேட்டேன், வசந்தா யார் என்று.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அவங்க பொண்ணு. எட்டு வயசுல காணாமப் போயிடுச்சு. நீ அதைப் பத்தி அவங்ககிட்ட வாயைத் திறக்காத."

புல் வெட்டும் எல்லம்மா

அம்மா சொன்னதையும் பின்னால் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் அப்போது கணவரோடு கிராமத்தில் இருந்தார். ஒருநாள் காலையில் அவர் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, வடக்கே வயலில் இருந்த அப்பாவுக்கு மத்தியானம் களியும் மோரும் கொண்டுபோய்க் கொடு என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் மகள் இல்லை. வயலுக்குச் சாப்பாடு வரவே இல்லை என்றார் கணவர். வீட்டில் ஏதோ வேலை, அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டாராம்.

அவர்கள் நிலத்தில் வேலை செய்தவன் முனியப்பா. தெலுங்குக்காரன், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். மாடு ஓட்டிக்கொண்டு திரும்பியவனை எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "பாப்பா ஆலமரத்துகிட்ட திரும்பிச்சு" என்றான்.

ஆலமரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் வயல். வலப்பக்கம் காடு. அவ்வளவுதான், பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு ஊரே காட்டுப் பக்கம் ஓடியது.

கடைசியாகப் பார்த்தவன் நீதானே, காட்டுப் பக்கம் போகிற குழந்தையை ஏன் தடுக்கவில்லை என்று யாரோ முனியப்பாவை அறைந்திருக்கிறார்கள். விடிந்தபோது அவன் குடிசையில் இல்லை. எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் ஓடிவிட்டான். ஓடியவன்தான் குற்றவாளி என்று ஊர் முடிவு கட்டியது. அதன்பிறகு அவன் சொன்ன வார்த்தையை யாரும் திரும்ப யோசிக்கவில்லை.

அவன் மனைவி எல்லம்மாவுக்கு ஊரில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. அவள் ஓசூருக்கு வந்து எங்கள் பண்ணையில் மாட்டுக்குப் புல் வெட்டிப்போடும் வேலையில் சேர்ந்தாள். அதற்கு ஒரு வருஷம் கழித்து டீச்சரும் ஓசூருக்கே மாற்றல் வாங்கி வந்தார். கணவரோடு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

இரண்டு பெண்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். டீச்சர் வந்தால் எல்லம்மா குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். எல்லம்மாவைப் பார்த்து நான் பயந்ததுண்டு. சிரிக்க மாட்டாள், யாரோடும் பேச மாட்டாள். புல் வெட்டும் கத்தி கட்டையில் விழும் சத்தம் மட்டும் கொட்டகையிலிருந்து நாள் முழுக்க வரும்.

மோர் கொட்டியிருக்கும்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாகரத்னா நின்றுபோய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நானும் டீச்சரும் மட்டும். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பனி ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நின்றது.

வசந்தா மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து வடக்கே நடந்தாள். ஆலமரத்தருகே திரும்பினாள்.

அன்றைக்கும் எந்தப் பக்கம் என்பதை டீச்சர் விட்டுவிட்டார். நான் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் அங்கே தேடியாச்சு என்பார் என்று எனக்குத் தெரியும். அழுகை வரும் போலிருந்தது. அந்த வாக்கியத்தையே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆலமரத்தருகே திரும்பினாள். திரும்பினாள். எங்கள் வீட்டில் அப்பா வெளியூர் போனால் அம்மா கேட்பாள், "எப்போ திரும்புவீங்க?"

"வீட்ல இருக்கா, டீச்சர்" என்றேன்.

டீச்சர் ஜன்னலிலிருந்து என் பக்கம் பார்த்தார். முதல்முறையாக.

"ஏன்?"

"திரும்பிட்டாள்னா வீட்டுக்கு வந்துட்டாள்னுதானே? பாதி வழியில திரும்பி வந்துட்டா."

"பாதி வழியில ஏன் வரணும்?"

அந்த அறையில் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். காரணம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். "மோர் கொட்டியிருக்கும். அப்பாகிட்ட வெறும் செம்பைக் கொண்டு போனா அடி விழும்னு வந்திருப்பா."

"வந்திருந்தா வீட்ல இருக்கணுமே. நான் வந்து பார்க்கறப்போ இருக்கணுமே."

கேள்வியில் இருந்த பெண் டீச்சரின் பெண்ணாகிவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. நிறுத்திக்கொள்ளத் தோன்றவில்லை. பதில் தானாக வந்தது.

"ஒளிஞ்சிருப்பா. நானும் நாகரத்னாவும் தீவனத் தொட்டிக்குள்ள இறங்கி ஒளிவோம். உள்ள இறங்கிட்டா யாருக்கும் தெரியாது."

"இறங்கி" என்று டீச்சர் சொன்னார். மறுபடியும் சொன்னார். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். பனிக்குள் அவர் புடவை கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. திறந்து கிடந்த கதவு வழியாகப் பனி அறைக்குள் வந்துகொண்டிருந்தது. நான் சிலேட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டதும், டீச்சர் பின்னாலேயே போகச் சொல்லி அம்மா அப்பாவைத் துரத்தினாள். உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை போகும் பஸ்ஸில் டீச்சர் ஏறிக்கொண்டிருந்தபோது அப்பா போய்ப் பிடித்தார். இறங்கச் சொல்லவில்லை. அவரும் ஏறிக்கொண்டார்.

ராகிக் குழி

இந்தப் பக்கத்தில் அப்போது வசதியுள்ள குடியானவர்கள் ராகியை வீட்டு முற்றத்தில் குழி வெட்டிப் புதைத்து வைப்பார்கள். வாய் ஒரு ஆள் இறங்குமளவுக்கு இருக்கும். உள்ளே வயிறு போல அகன்றிருக்கும். சுற்றிலும் வைக்கோல் வைத்து, மேலே பலகைக் கல் போட்டு, மண் பூசி மூடிவிட்டால் வருஷக்கணக்கில் தானியம் கெடாது. பஞ்சத்துக்கு என்று வைத்ததைத் தலைமுறை தாண்டித் திறந்தவர்களும் உண்டு.

திறப்பதில்தான் ஆபத்து. உள்ளே கெட்ட காற்று தேங்கியிருக்கும். கல்லை எடுத்துவிட்டு வெகுநேரம் ஆறப் போடுவார்கள். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் மனுஷன் இறங்கக்கூடாது. அப்படி இறங்கியவர்களுக்குச் சத்தம் போடக்கூட நேரமிருக்காது, தூங்குகிற மாதிரி சாய்ந்துவிடுவார்கள் என்று அப்பா சொல்வார்.

வசந்தா காணாமல் போன அன்று காலையில் அந்த வீட்டுக் குழியைத் திறந்திருந்தார்கள். கொஞ்சம் ராகியை அள்ளிவிட்டு, மறுநாளும் அள்ளலாம் என்று அப்படியே விட்டிருந்தார்கள். சாயங்காலம் மழை மூட்டம் போட்டது. தானியம் நனைந்துவிடும் என்று வயலிலிருந்து அவசரமாக வந்த கணவர் கல்லைப் போட்டு மண் பூசினார். குழியை மூடுகிறவர்கள் உள்ளே குனிந்து பார்ப்பதில்லை. கெட்ட காற்றுக்குப் பயந்து முகத்தை ஒதுக்கிக்கொண்டுதான் மூடுவார்கள். அதன்பிறகு மகளைக் காணோம் என்று தேடல், அழுகை, போலீஸ். குழியைத் திறக்க யாருக்கும் மனம் இல்லை. அது மூடியே இருந்தது.

அப்பாவும் டீச்சரும் போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டிருந்தது. கணவர் வாசலில் ராகி உலர்த்திக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைத் தாண்டிப் போய் முற்றத்தில் உட்கார்ந்து கையால் மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார். கணவர் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு புரிந்துவிட்டது. "வேண்டாம், தேவகி" என்றாராம். "நான்தானே மூடினேன். வேண்டாம்."

கடைசியில் கடப்பாறையை எடுத்துக் கல்லை நெம்பியவரும் அவரேதான்.

உள்ளே என்ன இருந்தது என்று அப்பா வீட்டில் ஒருபோதும் விரித்துச் சொன்னதில்லை. மோர்ச் செம்பு இருந்தது என்றார். அது காலியாக இருந்தது என்றார். கால் கொலுசைத் தொட்டு டீச்சர் அடையாளம் சொன்னாராம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

மறுநாள் காலையில் அப்பா புல் கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். அப்பா நடந்ததைச் சொன்னார். எல்லம்மா வெட்டிக்கொண்டே கேட்டாள். கத்தி ஒரே சீராக விழுந்தது. அப்பா சொல்லி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் விழுந்தது.

"அப்போ அவரு ஒண்ணும் பண்ணலீங்களா, டாக்டரய்யா?"

"இல்லம்மா. பாப்பா வீட்டுக்குத் திரும்பிடுச்சுன்னுதான் அவன் சொல்லியிருக்கான். கேட்டவங்க காட்டுப் பக்கம் திரும்பினதா எடுத்துக்கிட்டாங்க."

எல்லம்மா கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள். "போன ஆடியில வந்தாருங்க. அந்த வேலிகிட்ட நின்னு கூப்பிட்டாரு. பாப்பாவ நீ என்ன செஞ்சேன்னு சொல்லிட்டு வான்னேன். இந்தக் கத்தியைத்தான் காட்டினேன். ஒரு வார்த்தையும் பேசாம போயிட்டாரு."

அவளும் அவனை நம்பவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊர் சொன்னதை அவளும் நம்பிக்கொண்டு, அந்தக் கொட்டகையில் அத்தனை காலம் புல் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

காரியங்கள் முடிந்து டீச்சர் ஓசூர் வந்ததும் நேரே எல்லம்மாவின் குடிசைக்குப் போனார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. அடுத்த லீவு நாளில் இரண்டு பேரும் சேர்ந்து அத்திப்பள்ளி பக்கம் பஸ் ஏறுவதைப் பார்த்து குவார்ட்டர்ஸே வாசலுக்கு வந்து நின்றது. எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் கல் உடைக்கிற இடங்கள், செங்கல் சூளைகள் என்று லீவு கிடைத்தபோதெல்லாம் போய் முனியப்பாவைத் தேடினார்கள்.

ஒரு கல்குழியில் ஆள் இருந்தான். டீச்சரைப் பார்த்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டானாம். டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லம்மாதான் அவன் பின்னால் தெலுங்கில் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். அவள் எதைக் கத்தினாள் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். எல்லம்மா சொல்லவில்லை.

அப்பா சிபாரிசு செய்து முனியப்பாவுக்குப் பண்ணையில் வேலை வாங்கிக் கொடுத்தார். டீச்சரின் கணவர் குழியை மண் போட்டு நிரப்பிவிட்டு அந்த வீட்டிலேயே இருந்தார். டீச்சர் மாதம் ஒருமுறை போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவார். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

பின்னால் வந்தவர்

நான் சேலம் போய்ப் பரீட்சை எழுதினேன். தமிழும் கணக்கும் நன்றாகவே எழுதினேன். புத்திக் கணக்கில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில், சிலவற்றுக்கு மூன்று பதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதிவைத்தேன். தாளில் பாதிக் கேள்விகூடத் தாண்டவில்லை. பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனால் திட்டவில்லை.

அதனால் ஓசூரிலேயே படித்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பண்ணை வேலி ஓரமாகவே நானும் நாகரத்னாவும் நடந்து வருவோம். கொஞ்ச நாளில் எங்களுக்குப் பின்னால் யாரோ வருவது தெரிந்தது. நாங்கள் நின்றால் நிற்பார். நடந்தால் நடப்பார். பனிக்காலத்தில் ஆள் தெரியாது, மண்ணில் காலடி மட்டும் கேட்கும். நாகரத்னா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள்.

முனியப்பாதான். வேலை முடிந்ததும் வந்து பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் நின்றுகொள்வார். அப்பாவிடம் சொன்னேன். "வரட்டும், விடு" என்றார்.

முனியப்பா பண்ணைக்கு வந்தபிறகு தமிழில் ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. எல்லாம் புரியும். பண்ணை அதிகாரி தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார், இல்லாவிட்டால் தலையாட்டுவார். டீச்சர் அவரோடு பேச வேண்டும் என்று எல்லம்மாவிடம் தெலுங்கு கற்றுக்கொண்டார். அவர் டீச்சருக்கு மரியாதையாக எழுந்து நிற்பார். பதில் ஒற்றை வார்த்தையில் இருக்கும்.

நாகரத்னாவின் வீடு முதலில் வரும். அவள் உள்ளே போகும்வரை நிற்பார். அப்புறம் எங்கள் வீடு. நான் படியேறி உள்ளே போவேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டில் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். அம்மா அடுப்படியில் இருக்கிறாள், அப்பா வந்துவிட்டார், வீட்டில் விளக்கு எரிகிறது, எதுவும் அவருக்குப் போதாது.

"தலுப்பு வேஸ்கோ" என்பார். கதவைச் சாத்திக்கொள் என்று அர்த்தம்.

நான் சாத்துவேன். அப்போதும் போக மாட்டார். உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிட வேண்டும், அம்மா "என்ன, சரோ?" என்று கேட்க வேண்டும். அந்தக் குரல் ரோடு வரைக்கும் கேட்டபிறகுதான் மண்ணில் அவர் காலடி நகரும்.